ஸ்ட்ரெய்ட்ஸ் கீ படகுத்துறைப் பக்கம் குடிபோகலாமா? இருந்து பார்த்தவர்கள் சொல்லுங்கள்

கேள்வி: ஆயர் ஈத்தாம் வாத்தியார்

அனைவருக்கும் வணக்கம். நானும் என் மனைவியும் பினாங்குத் தீவின் ஆயர் ஈத்தாமில் ஒரு தரை வீட்டில் 27 ஆண்டுகளாக இருக்கிறோம். நான் தமிழ்ப்பள்ளியில் பணியாற்றி ஓய்வு பெற்றவன். மனைவிக்குச் சென்ற ஆண்டு முழங்காலில் அறுவை சிகிச்சை நடந்தது. வாசற்படி மூன்று, குளியலறைக்கு இறங்க ஒன்று என்று அந்த வீட்டில் இருக்கும் நான்கு படிகளும் இப்போது அவருக்கு நான்கு மலைகளாகத் தெரிகின்றன.

சிங்கப்பூரில் வேலை செய்யும் எங்கள் மகன், தஞ்சோங் தொக்கோங்கில் ஸ்ட்ரெய்ட்ஸ் கீ படகுத்துறையைச் சுற்றியுள்ள கொண்டோ எனப்படும் அடுக்குமாடிகளில் இரண்டு அறை வீடு ஒன்றை வாங்கி எங்களைக் குடிவைக்க வேண்டும் என்று ஆறு மாதமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறான். ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை போய்ப் பார்த்தோம். வெள்ளைப் படகுகள் வரிசையாக நிற்கின்றன, நடைபாதை சமதளமாக இருக்கிறது, காற்று வீசுகிறது. வீடு காட்டிய முகவர் பால்கனிக் கதவைத் திறந்ததும் என் மனைவி ஐந்து நிமிடம் ஒன்றும் பேசவில்லை. அவருக்குப் பிடித்துவிட்டது என்று நானே புரிந்துகொண்டேன்.

ஆனால் ஞாயிற்றுக்கிழமை மாலையில் எந்த இடம்தான் அழகாக இருக்காது? அங்கே குடியிருப்போர், அல்லது குடியிருந்து வெளியேறியோர், மாதச் செலவு உண்மையில் எவ்வளவு ஆகிறது என்பதையும், கார் ஓட்டுவதைக் குறைத்துக்கொள்ள நினைக்கும் எங்களைப் போன்றவர்களுக்கு அன்றாடம் எப்படிக் கழியும் என்பதையும், கடலைத் தூர்த்த நிலத்தில் வீடு வாங்குவது பற்றிய உங்கள் கருத்தையும் எழுதினால் பேருதவியாக இருக்கும். விளக்கேற்றி, சாம்பிராணி போட்டுக் கும்பிடும் குடும்பம் எங்களுடையது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

பதில் 1: பழைய பொறியாளர்

ஐயா, வணக்கம். பாயான் லெப்பாஸ் தொழிற்சாலை ஒன்றில் பொறியாளராக இருந்து ஓய்வு பெற்ற நான், நீங்கள் பார்த்துவிட்டு வந்த பகுதியில்தான் எட்டு ஆண்டுகளாக இருக்கிறேன். கட்டடத்தின் பெயரை விட்டுவிட்டு மற்றதையெல்லாம் சொல்கிறேன்.

முதலில் பணம். வங்கித் தவணையை மகன் பார்த்துக்கொள்வார் என்றாலும், மாதாமாதம் வரும் பராமரிப்புக் கட்டணம் வீடு இருக்கும்வரை இருக்கும். என் வீடு 1,400 சதுர அடி. சட்டப்படி கட்டணத்தை ஒவ்வொரு வீட்டுக்கும் ஒதுக்கிய பங்கு அலகின் கணக்கில்தான் விதிக்கிறார்கள். பிரித்துப் பார்த்தால் சதுர அடிக்கு 45 காசு ஆகிறது. ஆக 630 வெள்ளி (ரிங்கிட்). இதன்மேல், பெரிய பழுதுபார்ப்புகளுக்காகச் சேர்க்கும் சிங்கிங் ஃபண்டுக்குக் கட்டணத்தில் 10 விழுக்காடு கட்ட வேண்டும் என்று அடுக்குமாடிகளுக்கான 2013ஆம் ஆண்டின் ஸ்ட்ராட்டா நிர்வாகச் சட்டம் சொல்கிறது. அது 63 வெள்ளி. மாதம் 693, ஆண்டுக்கு 8,316 வெள்ளி. மதிப்பீட்டு வரியும் நில வரியும் காப்புறுதியும் தனி. நீச்சல் குளத்தில் நான் கால் நனைத்தது பேரப்பிள்ளைகள் வந்த இரண்டு முறைதான் என்பதை நினைக்கும்போது சிரிப்பு வரும்.

கட்டணம் எவ்வளவு என்பதைவிட, எத்தனை பேர் அதை ஒழுங்காகக் கட்டுகிறார்கள் என்பது முக்கியம். இந்தப் பகுதியில் வீடு வாங்கியவர்களில் கணிசமானோர் வேறு ஊரிலோ வேறு நாட்டிலோ இருக்கிறார்கள். இரவு எட்டு மணிக்கு என் பால்கனியில் நின்று எதிர்க் கட்டடத்தில் எரியும் விளக்குகளை எண்ணுவது எனக்கு ஒரு பழக்கமாகிவிட்டது; பாதிக்கு மேல் எரிந்த இரவு, சீனப் புத்தாண்டைத் தவிர, எனக்கு நினைவில்லை. ஆண்டுப் பொதுக்கூட்டத்திற்கு உறுப்பினர்களில் பாதிப் பேர் வர வேண்டும் என்பது விதி. அரை மணி நேரம் காத்திருந்தும் வராவிட்டால் வந்தவர்களைக் கொண்டே கூட்டம் நடத்தலாம் என்பதும் விதி. எங்கள் கட்டடத்தில் எட்டு ஆண்டுகளும் அந்த அரை மணி நேரத்தைக் காத்தே கழித்திருக்கிறோம். ஒருமுறை மின்தூக்கி மாற்றும் முடிவை 14 பேர் கைதூக்கி எடுத்தோம். ஆகவே வீட்டைப் பார்க்கும் முன் கடந்த மூன்று ஆண்டுகளின் கூட்டக் குறிப்பையும் தணிக்கை செய்த கணக்கையும் விற்பவர் வழியாகக் கேட்டு வாங்கிப் படியுங்கள். நிலுவைத் தொகை பெருகிக்கொண்டே போனால், கடல் எவ்வளவு அழகாகத் தெரிந்தாலும் அந்தக் கட்டடம் வேண்டாம்.

அடுத்தது உப்பு. இதை எந்த முகவரும் சொல்ல மாட்டார். உப்புக்காற்று குளிர்சாதனப் பெட்டியின் வெளிப்பகுதியைத்தான் முதலில் தின்னும்; அதிலுள்ள அலுமினியத் தகடும் செம்புக் குழாயும் உப்பு ஈரத்தில் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு இருப்பதால் அலுமினியம் மாவாக உதிரும். எனக்கு நான்காவது ஆண்டிலேயே ஒன்று போனது. இப்போது மாதம் ஒருமுறை நல்ல தண்ணீரால் கழுவிவிடுகிறேன். ஜன்னல் கம்பி, கதவுக் கீல், துணிக்கொடி எதை வாங்கினாலும் 316 என்ற தரத்திலுள்ள எவர்சில்வரைக் கேட்டு வாங்குங்கள். கடைகளில் சாதாரணமாகக் கிடைக்கும் 304 ஓராண்டுக்குள் தேயிலைக் கறை படிந்ததுபோல் பழுப்பாகிவிடும். உங்கள் துணைவியாரிடம் ஒன்று சொல்லுங்கள்: எங்கள் வீட்டுக் குத்துவிளக்கைப் புளி போட்டு வியாழக்கிழமை விளக்கினால் ஞாயிற்றுக்கிழமைக்குள் மங்கி, அடுத்த வாரம் கழுத்து மடிப்பில் பச்சை பூக்கிறது. என் மனைவி இப்போது அதைக் கண்ணாடிக் கதவு போட்ட அலமாரிக்குள் வைத்துவிட்டார்.

தூர்த்த நிலத்தைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். கட்டடம் ஆழமாக இறக்கிய தூண்களில் நிற்பதால் அது அசையாது. அதைச் சுற்றியுள்ள சாலையும் நடைபாதையும் தூண்கள் இல்லாத நிரப்பு மண்ணில் கிடப்பதால் மெல்ல இறங்கும். எங்கள் முன்கூடத்து வாசலில் நான் வந்தபோது ஒரு படி இருந்தது. இன்று அதற்குக் கீழே நான்கு விரல் உயரத்தில் இன்னொரு படியைச் சிமெண்டில் கட்டி ஒட்டியிருக்கிறார்கள். கட்டடத்திற்கு ஆபத்து என்று இதைச் சொல்லவில்லை. படிகளுக்குப் பயந்து இடம் மாறுகிறீர்கள் என்பதால் சொல்கிறேன்.

இவ்வளவும் சொல்லிவிட்டு நான் ஏன் இன்னும் அங்கேயே இருக்கிறேன் என்று கேட்பீர்கள். விடியற்காலை ஆறரை மணிக்குப் படகுகளின் பாய்மரக் கம்பத்தில் கயிறு தட்டும் சத்தம் கேட்கும். டிங் டிங் என்று, கோயில் மணியைத் தூரத்தில் யாரோ விளையாட்டாக அடிப்பதுபோல். முதல் மாதம் அதனால் தூக்கம் வரவில்லை. இப்போது ஆயர் ஈத்தாமில் தம்பி வீட்டில் தங்கினால் அது இல்லாமல் தூக்கம் வருவதில்லை.

பதில் 2: தஞ்சோங் பூங்கா மருமகள்

பொறியாளர் ஐயா பணத்தையும் துருவையும் முழுதாகச் சொல்லிவிட்டார். வீட்டுக்குள் நாள் முழுவதும் இருப்பவர்களுடைய பாட்டை நான் சொல்கிறேன். படகுத்துறையை ஒட்டிய கொண்டோ ஒன்றில் மூன்று ஆண்டுகள் வாடகைக்கு இருந்துவிட்டு, இப்போது சற்றுத் தள்ளித் தஞ்சோங் பூங்காவில் இருக்கிறோம்.

நான் கார் ஓட்ட மாட்டேன். அப்படிப்பட்டவருக்கு அந்தப் பகுதி முகவர் சொல்லும் அளவுக்கு நல்லதுமில்லை, மற்றவர்கள் பயமுறுத்தும் அளவுக்குக் கெட்டதுமில்லை. லோட்டஸ் பேரங்காடி பக்கத்திலேயே இருக்கிறது. 101ஆம் எண் பேருந்து ஜார்ஜ்டவுன் வெல்ட் கீ ஃபெரி முனையத்திலிருந்து கொம்தார் வழியாகத் தெலுக் பஹாங் வரை தஞ்சோங் தொக்கோங் சாலையில் போகிறது. லிட்டில் இந்தியாவுக்கும் குயின் தெரு மாரியம்மன் கோயிலுக்கும் நான் அதில்தான் போவேன். ஆனால் கொண்டோ வாசலிலிருந்து அந்தச் சாலை வரை வெயிலில் நடக்க வேண்டும், அந்த அகலமான புதிய சாலைகளில் நிழல் தரும் மரம் குறைவு. அறுவை சிகிச்சை செய்த முழங்காலோடு அந்த நடை கடினம். தொலைபேசியில் வாடகைக் கார் அழைக்கப் பழகிக்கொண்டால் ஒழிய, உங்கள் துணைவியார் மகன் வரும் நாள்களுக்காகக் காத்திருக்க நேரிடும்.

சாலையைப் பற்றியும் ஒன்று. வட கரைக்குப் போவதற்கு ஒருபுறம் மலை, மறுபுறம் கடல், நடுவில் ஒரே சாலை. பள்ளி விடுமுறையிலும் நீண்ட வார இறுதியிலும் பத்து ஃபெரிங்கி கடற்கரைக்குப் போகிற கார்கள் பாகான் ஜெர்மாலிலேயே வரிசைகட்டத் தொடங்கிவிடும். இப்போது கட்டத் தொடங்கியிருக்கும் எல்ஆர்டி இலகு ரயில் பாதையும் கொம்தாரோடு திரும்பி பெருநிலத்துக்குப் போகிறதே தவிர, இந்தப் பக்கம் வரவில்லை. மருத்துவமனைகள் புலாவ் திக்குஸ் பக்கம் இருப்பதால் சாதாரண நாளில் கவலையில்லை; தைப்பூசத்தன்று தண்ணீர்மலைப் பக்கம் சாலைகளை மூடியிருக்கும்போது கார் எந்த வழியாகப் போகும் என்பதை மட்டும் முன்பே தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள்.

சாம்பிராணி விஷயத்துக்கு வருகிறேன். வீட்டுக்குள் விளக்கேற்றுவதை யாரும் தடுக்க முடியாது. நாங்கள் குடிபுகுந்த அன்று பால் காய்ச்சிச் சாம்பிராணி போட்டபோது கதவைத் திறந்து வைத்துவிட்டோம்; புகை நடைக்கூடத்துக்குப் போய் எச்சரிக்கை மணி அடித்து, பாதுகாவலர் தீயணைப்புக் கருவியோடு ஓடி வந்தார். பயந்துபோன அவருக்கு முதல் தம்ளர் பாலைக் கொடுத்தோம். அதன்பின் பால்கனிப் பக்கக் கதவை மட்டும் திறந்து வைப்போம். வாசலில் கோலம் போடும் இடம் பொதுச் சொத்து என்று நிர்வாகத்திலிருந்து கடிதம் வந்தது. சட்டப்படி அது சரிதான், ஆனால் மார்கழி முழுவதும் எனக்கு மனது கேட்கவில்லை. ஒரு பலகையில் போட்டு வாசற்கதவுக்கு உட்புறம் சாய்த்து வைத்தேன். துணியை வெளியே தெரியும்படி காயப்போடுவதற்கும் அதே கதைதான். ஸ்ட்ராட்டா சட்டத்தின் 2015ஆம் ஆண்டு விதிகளிலேயே அது இருக்கிறது. தரை வீட்டில் 27 ஆண்டு கொல்லைப்புறக் கொடியில் துணி உலர்த்தியவருக்கு இது சிறு விஷயமல்ல.

எங்களை வெளியேற வைத்தது இவை எதுவுமில்லை. இரண்டு பக்கமும் நாள் வாடகை விருந்தினர்கள். வெள்ளிக்கிழமை புது முகம், ஞாயிற்றுக்கிழமை வேறு புது முகம். இரவு இரண்டு மணிக்குப் பெட்டி உருளும் சத்தம். வாங்குவதாக இருந்தால் அந்தக் கட்டடம் நாள் வாடகையைத் தடை செய்திருக்கிறதா என்று கேளுங்கள். அப்படித் தடை விதிக்க நிர்வாகக் கழகத்திற்கு அதிகாரம் உண்டு என்று கோலாலம்பூர் மோண்ட் கியாரா அடுக்குமாடி ஒன்றின் வழக்கில் 2020இல் கூட்டரசு நீதிமன்றமே தீர்ப்பளித்திருக்கிறது.

பதில் 3: தொக்கோங் பிள்ளை

நான் தஞ்சோங் தொக்கோங்கில் பிறந்து வளர்ந்தவன். அப்பா நகராண்மையில் வேலை செய்தார். மலாய்க் கம்பத்துக்கும் சீனர்களின் கடல்முத்துக் கோயிலுக்கும் நடுவில்தான் எங்கள் வாடகை வீடு. மேலே எழுதிய இருவரும் சொல்லாத ஒன்றை மட்டும் சொல்கிறேன்.

நீங்கள் பார்த்த படகுத்துறை இருக்கும் இடத்தில் எங்கள் சிறுவயதில் கடல் இருந்தது. நான் அங்கே நீந்தியிருக்கிறேன். 1990இல் போட்ட ஒப்பந்தத்தின்படி மொத்தம் சுமார் 980 ஏக்கரைத் தூர்க்கத் திட்டம். அதில் முதற்கட்டம் 240 ஏக்கர், ஸ்ட்ரெய்ட்ஸ் கீ 2010இல் அதன்மேல்தான் திறக்கப்பட்டது. 2016இல் இரண்டாம் கட்டம் தொடங்கியபோது மீனவர்கள் எதிர்ப்புத் தெரிவித்தார்கள். அவர்கள் படகு விடும் இடத்தையும் மீன் கிடைக்கும் இடத்தையும் சேர்த்தே மண் மூடியது. இதை உங்கள் மனசாட்சிக்காகச் சொல்லவில்லை, வாத்தியார் ஐயா. வாங்குகிறவருக்கு இதில் ஒரு கணக்கு இருக்கிறது. கடற்கரை ஓரிடத்தில் நீண்டால் நீரோட்டம் மாறும், நீரோட்டம் மாறினால் சேறு வேறிடத்தில் சேரும். கர்னி டிரைவ் எதிரே சேறு படிந்து பச்சைச் செடி முளைத்ததை நாம் எல்லாரும் பார்த்தோம். ஆகவே இன்று உங்கள் பால்கனிக்கு எதிரே திறந்த கடல் இருந்தால், பத்தாண்டு கழித்தும் அது கடலாகவே இருக்குமா என்பதை மாநகர் மன்றத்தில் திட்ட வரைபடத்தைப் பார்த்து உறுதி செய்துகொள்ளுங்கள். கடல் தெரிகிறது என்பதற்காக இரண்டு லட்சம் வெள்ளி அதிகம் கொடுத்தவர், பிறகு எதிரே இன்னொரு தீவு எழும்பியதைப் பார்க்க நேர்ந்தால் யாரிடம் போய்க் கேட்பார்?

வற்றத்தின்போது ஒருமுறை போய் வாருங்கள். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாள்களில் பினாங்கில் கடல்மட்டம் சுமார் 2 மீட்டர் ஏறி இறங்கும். நீர் இறங்கிய வேளையில் கற்சுவரின் அடியில் கறுப்புச் சேறு தெரியும், வாசமும் வரும். முகவர் காட்டிய நேரத்தில் நீர் ஏறியிருந்தது என்று நான் பந்தயம் கட்டத் தயார்.

ஆழிப்பேரலையைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் கேட்க நினைத்திருப்பீர்கள். 2004 டிசம்பர் 26 அன்று பினாங்கில் 52 பேர் இறந்தார்கள்; அதில் பலர் பாலிக் பூலாவ் பக்கத்துப் பாசிர் பாஞ்சாங் கடற்கரைக்கு விடுமுறைக்குப் போனவர்கள். தஞ்சோங் தொக்கோங்கிலும் அலை வந்தது. கரையோர வீடுகளும் படகுகளும் சேதமடைந்தன. பத்தாவது மாடியில் இருப்பவர் உயிருக்குப் பயப்பட வேண்டியதில்லை, கீழே நிறுத்திய காருக்குப் பயப்படலாம். என் பார்வையில் அன்றாட ஆபத்து வேறு: 2017 நவம்பர் 4, 5 போல் பெருமழையும் புயற்காற்றும் சேர்ந்து வந்து, அந்த நேரம் கடலும் ஏறியிருந்தால் வாய்க்கால் நீர் கடலில் இறங்க வழியில்லாமல் திரும்பும்.

இன்னொன்று. துறை என்றால் நம் தாத்தாக்களுக்கு வெல்ட் கீயில் மூட்டை தூக்கிய இடம். இங்கே துறை இருக்கிறது, மூட்டை இல்லை. படகு இருக்கிறது, மீன் வாசம் இல்லை. எனக்கு அது விசித்திரமாகத்தான் இருக்கிறது. மாசி மகத்துக்குத் தெலுக் பஹாங் போய்ச் சிங்கமுகக் காளியம்மன் தெப்பத்தைப் பார்த்தால்தான் கடலைப் பார்த்ததுபோல் இருக்கும்.

பதில் 4: சக்கர நாற்காலி மகன்

எல்லாரும் குறையையே எழுதியிருக்கிறீர்கள். என் அம்மாவுக்கு 81 வயது. தரை வீட்டில் இருந்தபோது ஐந்து ஆண்டுகள் வாசலைத் தாண்டியதில்லை. வெளியே வந்தால் மேடும் பள்ளமும் மூடாத சாக்கடையும். படகுத்துறைப் பக்கம் வந்தபின் ஒவ்வொரு மாலையும் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு நீர் ஓரமாகவே ஒரு சுற்று வருகிறோம், ஒரு படிகூடக் குறுக்கே வருவதில்லை. அவருக்குப் படகுகளின் பெயரெல்லாம் மனப்பாடம். துருவையும் சேற்றையும் நான் மறுக்கவில்லை, கட்டணமும் வலிக்கத்தான் செய்கிறது. ஆனால் முழங்கால் வலியுள்ள ஒருவருக்காகக் கேட்கும் கேள்விக்கு அந்தச் சமதள நடைபாதைதான் என்னைப் பொறுத்தவரை முதல் பதில்.

மீண்டும் ஆயர் ஈத்தாம் வாத்தியார்

உங்கள் நால்வருக்கும் நன்றி. எல்லாவற்றையும் மனைவிக்கு உரக்கப் படித்துக் காட்டினேன். குத்துவிளக்கு பச்சை பூக்கும் இடத்தில் நிறுத்தச் சொல்லி மறுபடி படிக்கச் சொன்னார். சக்கர நாற்காலி அம்மாவின் பகுதியையும் மறுபடி படிக்கச் சொன்னார். இரண்டையும் கேட்டுவிட்டு அவர் சொன்னது: “வாங்க வேண்டாம். முதலில் இருந்து பார்ப்போம்.”

நேற்று மகனிடம் பேசினோம். வீட்டை விற்காமல், செப்டம்பர் முதல் ஓராண்டுக்கு அங்கே வாடகைக்கு எடுக்கிறோம். செப்டம்பர், அக்டோபர், நவம்பர் மழைக்காலத்தை முதலிலேயே பார்த்துவிட்டால் மற்ற மாதங்களில் மயங்க மாட்டோம் என்பது என் கணக்கு. ஆயர் ஈத்தாம் வீட்டில் தற்காலிகமாகத் தங்கை மகன் இருப்பான். வீடு பார்க்க இம்முறை ஒரு புதன்கிழமை மதியம், நீர் வற்றிய நேரம் பார்த்துப் போகிறோம்.

ஒரே ஒரு கேள்வி மிச்சம், இதை மனைவி கேட்கச் சொன்னார். கொல்லையில் 20 ஆண்டுக் கறிவேப்பிலை மரம் இருக்கிறது. அதன் அடியில் முளைத்த கன்று ஒன்றைத் தொட்டியில் எடுத்துப் போனால் அந்த உப்புக் காற்றில் பிழைக்குமா?

பழைய பொறியாளர்

என்னுடைய முதல் கன்று கடல் பார்த்த பால்கனியில் மூன்று மாதத்தில் இலை நுனி கருகிப் போய்விட்டது, ஐயா. இரண்டாவதைச் சமையலறைக்குப் பின்புறம், துணி காயும் இடத்தில், காற்று நேராக அடிக்காத மூலையில் வைத்தேன்; வாரம் இருமுறை இலையோடு சேர்த்துத் தண்ணீர் தெளிக்கிறேன். நான்கு ஆண்டாகிறது, ரசத்துக்குக் குறையில்லை. தொட்டியைக் கம்பித் தடுப்பின் மேல் மட்டும் வைத்துவிடாதீர்கள், அதற்கும் ஒரு விதி இருக்கிறது. வீடு பார்க்க வரும் புதன்கிழமை சொல்லுங்கள், கீழே வந்து நிற்கிறேன். கோப்பி குடித்துவிட்டு அந்த இரண்டாவது படியையும் காட்டுகிறேன்.